மானுக்கு உண்டு, மனிதருக்கு இல்லை





ஹூஸ்டனிலும் டாலஸிலும் ஆஸ்டினிலும் மகனோ மகளோ குடியிருக்கிற குடும்பங்கள் நம் வாசகர்களில் ஏராளம். ஆறு மாதம் அங்கே போய் இருந்து, பேர்லாண்ட் மீனாட்சி கோயில், இந்திய மளிகைக் கடை, பேரன் பேத்தியின் பள்ளிக்கூட வாசல் என்று பழகிவிட்டுத் திரும்புகிறார்கள். வந்ததும் சொல்லும் கதைகளில் ஒன்று இப்படி இருக்கும்: கடையில் முன்னால் நின்றவர் இடுப்பில் துப்பாக்கி. போலீஸும் இல்லை, ராணுவமும் இல்லை, பால் வாங்க வந்தவர். "யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்களா?" என்பார்கள்.

கேட்கமாட்டார்கள். டெக்சாஸில் 21 வயது நிரம்பிய, துப்பாக்கி வைத்திருக்கச் சட்டத் தடை ஏதும் இல்லாத ஒருவர், அனுமதிச் சீட்டு எதுவும் இல்லாமல் கைத்துப்பாக்கியோடு வெளியே நடமாடலாம். 2021 செப்டம்பர் 1 முதல் இதுதான் நிலை. ஆளுநர் கிரெக் அபாட் அந்தச் சட்டத்தை ஜூன் மாதம் சான் அன்டோனியோவின் அலமோ கோட்டையில் விழாவாக நடத்திக் கையெழுத்திட்டார். டெக்சாஸ் தனியாக இல்லை. வெர்மான்ட் மாநிலம் என்றைக்குமே அனுமதி கேட்டதில்லை. 2003-ல் அலாஸ்கா, 2010-ல் அரிசோனா என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்து, 2024 நடுவில் லூசியானாவும் வந்தபோது கணக்கு 29 மாநிலங்களாகிவிட்டது.

துப்பாக்கி வேண்டுமா, வேண்டாமா என்ற பெரிய வழக்கை நான் இந்தப் பக்கத்தில் எடுக்கப் போவதில்லை. 1791-ல் அரசியலமைப்பில் சேர்த்த திருத்தம் தனிமனிதருக்குத் தரும் உரிமை அது என்று 2008-ல் அவர்களுடைய உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. அங்கே கோடிக்கணக்கானவர்கள் அதை நம்பி வாழ்கிறார்கள். என் கேள்வி சின்னது. அனுமதிச் சீட்டு போகட்டும். அதோடு சேர்த்துப் பயிற்சியையும் ஏன் தூக்கிப் போட்டார்கள்?

டெக்சாஸ் கதையைக் கொஞ்சம் பின்னாலிருந்து பார்த்தால்தான் இந்தக் கேள்வி விளங்கும். 1991 அக்டோபர் 16, மதியச் சாப்பாட்டு நேரம். கில்லீன் ஊரில் லூபிஸ் உணவகத்தின் கண்ணாடியை உடைத்துக்கொண்டு ஒருவன் பிக்கப் வண்டியை உள்ளே ஓட்டி வந்தான்; இறங்கிச் சுடத் தொடங்கினான். 23 பேர் இறந்தார்கள். பெற்றோருடன் சாப்பிட வந்திருந்த சுசானா ஹப் என்ற பெண் உயிர் தப்பினார், அப்பாவும் அம்மாவும் தப்பவில்லை. அவரிடம் கைத்துப்பாக்கி இருந்தது, ஆனால் காரில். மறைத்து எடுத்துச் செல்வது அன்றைய டெக்சாஸ் சட்டப்படி குற்றம் என்பதால் காரிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார். அது கைப்பையில் இருந்திருந்தால் என்ற ஆற்றாமையை அவர் ஊர் ஊராகப் போய்ச் சொன்னார். 1996-ல் டெக்சாஸ் சட்டமன்றத்துக்கே தேர்ந்தெடுக்கப்பட்டார். துப்பாக்கி உரிமை கேட்கிறவர்களை முரடர்கள் என்று ஒரே சொல்லில் ஒதுக்க எனக்கு மனம் வராததற்கு அந்த மகளும் ஒரு காரணம்.

1993-ல் வந்த மசோதாவை அப்போதைய ஆளுநர் ஆன் ரிச்சர்ட்ஸ் நிராகரித்தார். அடுத்த ஆண்டுத் தேர்தலில் அவரைத் தோற்கடித்த ஜார்ஜ் டபிள்யூ. புஷ், 1995-ல் கையெழுத்துப் போட்டார். லூபிஸ் காயம் ஆறாத அந்தச் சமயத்தில் எழுதிய சட்டம் என்ன சொன்னது தெரியுமா? துப்பாக்கியை எடுத்துச் செல்லலாம். ஆனால் முதலில் 10 முதல் 15 மணி நேர வகுப்பில் உட்கார வேண்டும், பிறகு சுட்டுக் காட்டித் தேற வேண்டும். 2013-ல் வகுப்பு 4 முதல் 6 மணி நேரமாகச் சுருங்கியது. 2021-ல் அந்தக் கட்டாயமும் போய்விட்டது. அனுமதிச் சீட்டு வேண்டுமென்று கேட்பவர்களுக்கு இன்றும் தருகிறார்கள். வேறு மாநிலங்களுக்குப் போய்வருகிறவர்கள் அதற்காகவே வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். வகுப்புக்கு வருகிறவர்களும் அவர்கள்தான். வர வேண்டியவர்கள் வீட்டில் இருக்கிறார்கள்.

அந்த வகுப்பில் என்ன சொல்லித் தருகிறார்கள் என்று பார்த்தபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. சுடுவதைப் பற்றிய பாடம் கொஞ்சம்தான். எப்போது சுடலாம், எப்போது சுட்டால் கொலை வழக்கு என்ற சட்டப் பாடம் ஒன்று. துப்பாக்கியை இடுப்பு உறையில் எப்படிப் பத்திரமாக வைப்பது என்று ஒன்று. குழந்தைகள் கைக்கு எட்டாமல் வீட்டில் எப்படிப் பூட்டி வைப்பது என்று ஒன்று. கைகலப்பில்லாமல் சண்டையைத் தணிப்பது எப்படி என்றுகூட ஒரு பாடம் உண்டு. (இந்தக் கடைசிப் பாடத்தை நம்மூர்ப் பேருந்து நிலையத்திலும் நடத்தலாம்.) கடைசியில் தேர்வு: 50 தோட்டாக்கள், 3, 7, 15 கஜத் தூரங்களிலிருந்து. மொத்தம் 250 மதிப்பெண்ணில் 175 வந்தால் தேர்ச்சி. 3 கஜம் என்பது 9 அடி, ஒரு சின்ன அறையின் நீளம். இதில்கூடத் தேற முடியாதவர் கூட்டத்தின் நடுவே துப்பாக்கியை உருவினால் என்ன ஆகும் என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளலாம்.

இன்றைய கைத்துப்பாக்கியில் தெரியாதவரை ஏமாற்றும் ஒரு விஷயம் இருக்கிறது. கைப்பிடிக்குள் செருகியிருக்கும் தோட்டாப் பெட்டியை, அதாவது மேகசினை, வெளியே எடுத்துவிட்டால் துப்பாக்கி காலி என்று தோன்றும். ஆனால் சுடத் தயாராக ஒரு தோட்டா ஏற்கெனவே குழலுக்குள் ஏறி உட்கார்ந்திருக்கலாம். "காலித் துப்பாக்கி" வெடித்து ஆள் செத்த செய்திகள் பலவற்றில் காரணம் இதுதான். அரிசோனாவில் சுடும் பயிற்சிப் பள்ளி நிறுவிய ஜெஃப் கூப்பர் என்ற முன்னாள் மரைன் படை அதிகாரி இதற்காகவே நான்கு விதிகளை வகுத்தார். எந்தத் துப்பாக்கியையும் தோட்டா உள்ளதாகவே நினை. அழிக்க விரும்பாத எதன் பக்கமும் குழல் முனையைத் திருப்பாதே. குறி பார்க்கும்வரை விசையில் விரல் வைக்காதே. இலக்கு எது, அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரிந்த பிறகே சுடு. உலகமெங்கும் பயிற்சி மைதானங்களில் ஓதப்படுவது இந்த நான்குதான். படிக்க ஒரு நிமிடம் ஆகும். ஆனால் பதற்றத்திலும் விரல் விசைக்கு வெளியே தானாக நிற்க வேண்டுமென்றால், யாராவது பக்கத்தில் நின்று பலமுறை அதட்டியிருக்க வேண்டும்.

புதிய சட்டம் வந்தபோது டெக்சாஸ் பொதுப் பாதுகாப்புத் துறை தன் இணையதளத்தில் இலவசப் பாடம் ஒன்றை வைக்க வேண்டும் என்றும் விதித்தார்கள். நல்லதுதான். ஆனால் பார்க்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பார்த்தாலும் திரையில் இருப்பவருக்கு உங்கள் விரல் எங்கே இருக்கிறது என்று தெரியாது.

சட்டம் தெரியாமல் மாட்டிக்கொள்கிறவர் கதை தனி. அனுமதி வேண்டாம் என்றால் எங்கும் போகலாம் என்று பொருளில்லை. பள்ளிக்கூடம், வாக்குச்சாவடி இரண்டுக்கும் போகக் கூடாது. வருமானத்தில் பாதிக்கு மேல் மது விற்பனையால் வரும் இடங்களில் '51%' என்று சிவப்பில் எழுதித் தொங்கவிட்டிருப்பார்கள், அங்கேயும் கூடாது. கடைக்காரர் விரும்பாவிட்டால் 30.05, 30.06, 30.07 என்று சட்டப் பிரிவு எண்களோடு வாசலில் பலகை வைக்கலாம். ஒவ்வொன்றும் ஒவ்வொரு வகைத் தடை. வகுப்பில் உட்கார்ந்தவருக்கு இது பாடத்தில் ஒரு பக்கம். மற்றவர் நீதிமன்றத்தில் தெரிந்துகொள்கிறார்.

என்னைப் பெரிதும் யோசிக்க வைத்தது இன்னொரு டெக்சாஸ் சட்டம். 1971 செப்டம்பர் 2 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்த யாராக இருந்தாலும், அந்த மாநிலத்தில் வேட்டைக்குப் போக வேண்டுமானால் வேட்டைக் கல்வி முடித்திருக்க வேண்டும். ஒன்பது வயதுச் சிறுவர்கள்கூட அந்தச் சான்றிதழைப் பெறலாம். கட்டணமும் அதிகமில்லை. உடனே படிக்க முடியாத பெரியவர்களுக்கு ஒருமுறை தவணை உண்டு. ஆனால் அந்தக் காலத்தில் பயிற்சி முடித்தவரோ, வயதால் விலக்குப் பெற்றவரோ கூடவே இருக்க வேண்டும். ஆக, ஆள் நடமாட்டமே இல்லாத புதர்க்காட்டில் ஒரு மானைச் சுடப் படிப்பு வேண்டும். சனிக்கிழமை மாலை கூட்டம் அலைமோதும் கடைத்தெருவில் துப்பாக்கியோடு திரிய ஒன்றும் வேண்டாம்.

வேட்டைக் கல்வியை யாரும் உரிமைப் பறிப்பு என்று சொல்வதில்லை என்பதையும் பாருங்கள். 1949-லேயே நியூயார்க் அதைக் கட்டாயமாக்கியது. அதற்குச் செலவாகும் பணத்தில் ஒரு பகுதி துப்பாக்கி, தோட்டா விற்பனை மீதான மத்திய வரியிலிருந்தே வருகிறது. 1937-ல் காட்டுயிர்ப் பாதுகாப்புக்கென்று ஒதுக்கிய வரி அது, 1970-ல் வேட்டைக்காரர் பயிற்சிக்கும் செலவிடலாம் என்று திருத்தினார்கள். தாத்தா பேரனைக் கூட்டிப் போய் வகுப்பில் விடுகிறார். அது அங்கே குடும்ப வழக்கம். இன்னொரு வேடிக்கை: இன்று பயிற்சிக் கட்டாயத்தை எதிர்த்து முன்வரிசையில் நிற்கும் தேசிய ரைஃபிள் சங்கம் 1871-ல் பிறந்ததே பயிற்சி தருவதற்காக. உள்நாட்டுப் போரில் வடபகுதிப் படைவீரர்கள் குறி தவறிச் சுட்டதைப் பார்த்து நொந்த இரண்டு அதிகாரிகள் தொடங்கியது அது. இன்றும் அங்கீகாரம் பெற்ற பயிற்சியாளர்களை அந்தச் சங்கம் உருவாக்கிக்கொண்டுதான் இருக்கிறது. பயிற்சி நல்லது, ஆனால் அரசு கட்டாயப்படுத்தக் கூடாது என்பது அவர்கள் நிலை.

"கையில் துப்பாக்கி உள்ள நல்லவர்" என்ற வாதத்துக்கு அவர்கள் காட்டும் சான்றுகளை நானும் தேடிப் படித்தேன். 2019 டிசம்பர் 29, டெக்சாஸின் வைட் செட்டில்மென்ட் ஊரில் ஒரு தேவாலயம். வழிபாட்டின் நடுவே ஒருவன் எழுந்து இரண்டு பேரைச் சுட்டான். சபையின் பாதுகாப்புப் பொறுப்பாளர் ஒரே தோட்டாவில் அவனை வீழ்த்தினார். எல்லாம் ஆறு விநாடிக்குள். நாடே அவரைப் பாராட்டியது. ஆளுநர் பதக்கம் தந்தார். அவர் யார்? துப்பாக்கிப் பயிற்சியாளராக இருந்தவர். இதைச் சான்றாகக் காட்டுகிறவர்கள் அந்த ஒரு வரியைச் சத்தமாகச் சொல்வதில்லை.

எதிர்ப்பக்கத்துச் சான்று ஒன்றையும் சொல்லாவிட்டால் நியாயமாகாது. இண்டியானாவில் அனுமதிச் சீட்டு தேவையில்லை என்ற சட்டம் 2022 ஜூலை 1-ல் நடைமுறைக்கு வந்தது. அதே மாதம் 17-ஆம் தேதி கிரீன்வுட் நகர வணிக வளாகத்தின் உணவுக்கூடத்தில் ஒருவன் மூன்று பேரைச் சுட்டுக் கொன்றான். காதலியோடு வந்திருந்த 22 வயது இளைஞர் ஏறத்தாழ 40 கஜத் தூரத்திலிருந்து, ஒரு தூணில் சாய்ந்து நின்று சுட்டு அவனை வீழ்த்தினார். அவர் போலீஸிலோ ராணுவத்திலோ இருந்தவர் இல்லை. பிறகு எங்கே கற்றார்? தாத்தாவிடம். அப்படிப்பட்ட தாத்தா வாய்த்தவருக்கு அரசாங்க வகுப்பு தேவைப்படாமல் போகலாம். போன வாரம் பயந்துபோய் முதல் துப்பாக்கியை வாங்கியவருக்குத் தாத்தா எங்கே?

அதற்கு முந்தைய ஆண்டு, 2021 ஜூன் 21, கொலராடோவின் அர்வாடா நகரம். போலீஸ்காரர் ஒருவரைக் கொன்றவனை, அருகில் ஒரு கடையில் இருந்த மனிதர் வெளியே ஓடி வந்து சுட்டார். குறி தப்பவில்லை. விழுந்தவனின் ரைஃபிளைக் கையில் எடுத்தார். அந்தக் கணத்தில் வந்து சேர்ந்த இன்னொரு போலீஸ்காரருக்குத் தெரிந்தது கையில் ரைஃபிளோடு நிற்கும் ஓர் ஆள் மட்டும். சுட்டுவிட்டார். ஊரைக் காத்தவர் இறந்தார். சுடத் தெரிவது பாதிதான். சுட்ட பிறகு என்ன செய்வது, கைகளை எங்கே வைப்பது, போலீஸ் வரும்போது எப்படி நிற்பது என்பது மீதிப் பாதி. அதைத் தன் அனுபவத்தில் கற்றுக்கொள்ள யாருக்கும் இரண்டாவது வாய்ப்பு கிடைப்பதில்லை.

பயிற்சியும் சீட்டும் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நான் சொல்லவில்லை. 2014 டிசம்பரில் ஐடஹோவின் ஹேடன் ஊர் வால்மார்ட்டில், தள்ளுவண்டியில் உட்கார்ந்திருந்த இரண்டு வயதுக் குழந்தை தாயின் கைப்பையைத் திறந்து துப்பாக்கியை எடுத்தது. அது வெடித்துத் தாய் இறந்தார். அவரிடம் அனுமதிச் சீட்டு இருந்தது. பையிலும் துப்பாக்கிக்கென்றே தைத்த தனி அறை இருந்தது. எனவே எந்தப் பாடத்தை வகுப்பில் அழுத்திச் சொல்கிறார்கள் என்பதும் முக்கியம்.

இனி எதிர்வாதம். அதில் வலுவுள்ளதை மட்டும் சொல்கிறேன். உரிமை என்றால் அதற்குக் கட்டணமோ தேர்வோ கூடாது. ஓட்டுப் போடப் பரீட்சை வைத்துக் கறுப்பின மக்களை விரட்டிய நாடு இது என்கிறார்கள். பொய்யில்லை. 1956-ல் மான்ட்கோமரியில் மார்ட்டின் லூதர் கிங்கின் வீட்டில் குண்டு வீசினார்கள். மனைவியும் கைக்குழந்தையும் உள்ளே இருந்தார்கள். தற்காப்புக்குத் துப்பாக்கி எடுத்துச் செல்ல அவர் அனுமதி கேட்டார், அதிகாரிகள் மறுத்துவிட்டார்கள். அனுமதி என்பது ஓர் அதிகாரியின் மனசைப் பொறுத்தது என்றால் அது யாருக்குக் கிடைக்கும், யாருக்குக் கிடைக்காது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை. இரண்டு வேலை பார்த்துப் பிள்ளை வளர்க்கும் ஒரு பெண், அடித்துத் துன்புறுத்தும் முன்னாள் கணவனுக்குப் பயந்து துப்பாக்கி வாங்குகிறாள். அவளிடம் நூற்றுக்கணக்கான டாலரும் இரண்டு நாள் விடுப்பும் கேட்டால் அவள் எங்கே போவாள்?

அனுமதியை அதிகாரியின் மனசுக்கு விட்டிருந்த, நியூயார்க்கின் நூறாண்டுப் பழைய சட்டத்தை 2022-ல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. தனியாக ஒரு "தகுந்த காரணம்" காட்டினால்தான் அனுமதி என்றது அந்தச் சட்டம். ஆனால் நீதிபதி கிளாரன்ஸ் தாமஸ் எழுதிய அதே தீர்ப்பின் அடிக்குறிப்பு ஒன்றைத் துப்பாக்கி உரிமைக்காரர்கள் அதிகம் மேற்கோள் காட்டுவதில்லை. பின்னணிச் சரிபார்ப்பும் பாதுகாப்புப் பயிற்சியும் கேட்கும் மாநிலங்களின் முறையில் தவறில்லை என்கிறது அது. கட்டணம் மிதமிஞ்சினாலோ காத்திருப்பு எல்லையில்லாமல் நீண்டாலோ வழக்குப் போடலாம் என்றும் சேர்த்தே சொல்கிறது. எவ்வளவு தெளிவாகக் கோடு போட்டிருக்கிறார்கள்!

அதற்குப் பிறகு நியூயார்க் கொண்டுவந்த புதிய சட்டம் 16 மணி நேர வகுப்பும் 2 மணி நேரச் சுடும் பயிற்சியும் கேட்கிறது. எனக்கு அது அதிகமாகப் படுகிறது. பாடம் நடத்துவதைவிட ஆளைக் களைப்படைய வைப்பதில் அக்கறை இருப்பதுபோல் தெரிகிறது. டெக்சாஸின் பூஜ்யம் அதைவிட மோசம். நடுவே வழி இருக்கிறது என்பதைக் காட்டியது, எதிர்பாராத விதமாக, தென் கரோலினா. 2024 மார்ச்சில் அனுமதிச் சீட்டு தேவைப்படாத முறைக்கு மாறியபோது மாநிலம் முழுக்க இலவசப் பயிற்சி வகுப்புகள் நடத்த அரசையே பொறுப்பாக்கியது. போவதும் போகாததும் அவரவர் விருப்பம் என்று விட்டதுதான் குறை.

என் தீர்ப்பு இதுதான். அனுமதிச் சீட்டு வேண்டாம் என்றால் வேண்டாம். பயிற்சி வேண்டும். அரை நாள் போதும், அரசு செலவில், ஞாயிற்றுக்கிழமையிலும் மாலையிலும், அந்தந்த ஊரிலேயே. மறுக்கும் அதிகாரம் எந்த அதிகாரிக்கும் இருக்கக் கூடாது. உட்கார்ந்து கற்று, சுட்டுக் காட்டினால் சான்றிதழ் கிடைத்துவிட வேண்டும். உயிருக்கு ஆபத்து என்று நீதிமன்றப் பாதுகாப்பு ஆணை பெற்றவருக்கு முதலில் துப்பாக்கி, பிறகு வகுப்பு என்று சில வாரங்கள் தவணை கொடுக்கலாம். வேட்டைக்காரருக்குத் தவணை கொடுக்கத் தெரிந்தவர்களுக்கு இது தெரியாதா? பணத்துக்கும் வழி இருக்கிறது, அந்தத் தோட்டா வரி இன்றும் வசூலாகிக்கொண்டுதான் இருக்கிறது.

அந்த அரை நாளில் பாதியைப் பூட்டுக்கும் பெட்டிக்கும் ஒதுக்க வேண்டும் என்பேன். 2021-ல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். அதில் 26,328 பேர் தங்களைத் தாங்களே சுட்டுக்கொண்டவர்கள். தவறுதலாக வெடித்து இறந்தவர்கள் 549 பேர். தெருவில் வரும் கொலைகாரனை நினைத்து வாங்கும் துப்பாக்கி, பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே உயிரைக் குடிக்கிறது. மனம் உடைந்த பதின்வயதுப் பிள்ளைக்கும் மேஜை இழுப்பறைக்கும் நடுவில் ஒரு பூட்டு இருக்க வேண்டும் என்று யாராவது முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும். வகுப்பைத் தவிர அதைச் சொல்ல வேறு இடம் இல்லை.

அமெரிக்காவில் இருக்கும் நம் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்களில் துப்பாக்கி வாங்கியவர்களும் இருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும், கண்டிக்க எழுதவில்லை. உங்கள் மாநிலம் கேட்காவிட்டாலும் ஒரு வகுப்புக்குப் போய்வாருங்கள், கணவனும் மனைவியும் சேர்ந்தே போங்கள். வாங்காதவர்கள், பிள்ளை நண்பன் வீட்டுக்கு விளையாடப் போகும் முன், "உங்கள் வீட்டில் துப்பாக்கி உண்டா, பூட்டி வைத்திருக்கிறீர்களா?" என்று கூச்சப்படாமல் கேளுங்கள். அங்குள்ள குழந்தை மருத்துவர்களே கேட்கச் சொல்லும் கேள்வி அது, யாரும் கோபித்துக்கொள்ளமாட்டார்கள். ஊரில் இருக்கும் தாத்தா பாட்டிகள் அடுத்த முறை வீடியோ அழைப்பில் பேசும்போது, சாப்பிட்டாயா என்று கேட்ட கையோடு இதையும் கேட்டுவிடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்